நாலேகால் மணி வரை அஸ்தமனம்

மாத்தளையிலிருந்து பிற்பகல் இரண்டே கால் பஸ். நாவுல வரை பதினாறு மைல், ஆளுக்குத் தொண்ணூறு சதம். என்னோடு வந்தவர் மாரிமுத்து. பலாபத்வலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்கிறவர், அடுத்த புதன்கிழமை தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போகிறவர். போகிறவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி அனுப்புகிறார்கள். அவருடைய அப்பா பிறந்ததே இங்கேதான்.

அவர் மனைவி செல்லம்மா நான்கு வருடங்களுக்கு முன் அம்பன் கங்கையைக் கடந்து அக்கரைக்குக் கூலிக்குப் போனாள். அந்தியில் திரும்பும்போது வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

"மத்தவங்க குழியில ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டுப் போறாங்க. எனக்கு எங்கங்க குழி? அவ போன அந்தி நேரத்துல அந்த ஆத்த ஒரு படம் புடிச்சுக் குடுங்க ஐயா" என்று, என்னிடம் கமரா இருப்பது தெரிந்து கேட்டிருந்தார்.

அவள் போன இடத்துக்கு நூறு யார் தூரத்தில் ஒரு பாலம் உண்டு. அவசரகாலச் சட்டத்தின்படி பாலங்களைப் படம் பிடிக்கக் கூடாது. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் காகிதங்களோடு வாழ்ந்தவன் நான். மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து, 'ஆற்றங்கரையில் சூரிய அஸ்தமனத்தைப் படம் பிடிக்க' அனுமதி வாங்கியிருந்தேன்.

நாவுலயில் ஒரு பிளேன்டீ. அங்கிருந்து இன்னொரு பஸ். பாலத்தில் இறங்கியபோது ஐந்து நாற்பது. காவலுக்கு நின்ற சிங்களக் கான்ஸ்டபிள் அனுமதியை இரண்டு தடவை படித்தார்.

"இது முடிஞ்சு போச்சே மாத்தயா. நாலேகால் வரைக்கும்னு போட்டிருக்கு."

எட்டிப் பார்த்தேன். 'அலுவலக நேரத்துக்குள் மட்டும்' என்ற முத்திரை, அதற்குக் கீழே பேனாவில் 4.15.

"சூரியன் நாலேகாலுக்கு மறையுமா?" என்றேன்.

"அத அவங்கட்டத்தான் கேக்கணும். பேப்பர்ல கரைன்னு போட்டிருக்கு. அப்ப கரையில எங்க நின்னு எடுத்தாலும் இந்த நாலேகால்தான்." சிரித்தார். "பேப்பர் இல்லாம வந்து, பாலத்துக்கு முதுகக் காட்டி எடுத்திருந்தா நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன். மாத்தயா கவர்மெண்டுல இருந்தீங்களோ?"

"ஓய்வு."

"அதான் பேப்பரோட வந்திருக்கீங்க."

அனுமதியை அவர் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கினேன். மாரிமுத்து மெல்ல என் கையைத் தொட்டார். "போயிரலாங்க ஐயா. அந்தா பாருங்க, எறங்குது."

அப்போதுதான் ஒரு விதி ஞாபகத்துக்கு வந்தது. அனுமதி பெற்றவன் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்த நிமிடத்திலிருந்து அது அவனைக் கட்டுப்படுத்தாது.

"இந்தாருங்கள், ஒப்படைக்கிறேன். புத்தகத்தில் பதியுங்கள்."

அவர் நியாயமான மனிதர், ஒத்துக்கொண்டார். ஆனால் என் பெயர், முகவரி, அனுமதி இலக்கம், ஒப்படைத்த காரணம் எல்லாம் எழுத வேண்டுமே! பேனா இரண்டு தடவை நின்றது. பத்து நிமிடம். சூரியன் மலையைத் தொட்டுவிட்டது.

அனுமதி இல்லாத சாதாரண மனிதனாக, அறுபத்திரண்டு வயதில், சரிவில் ஓடினேன். மாரிமுத்து ஒரு மருத மரத்தடியில் நின்று அவள் போன இடத்தைக் காட்டினார். தண்ணீர் செம்புப் பாத்திரம் போலச் சிவந்து, பாறையைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு போனது. நடுவில் மட்டும் ஒரு கறுத்த கோடு. அதுதான் ஆழம் என்றார்.

"நீங்களும் போய் நில்லுங்கள்."

"நான் வேண்டாங்க. என் மூஞ்சிய அவங்க பாஸ்போட்டுக்கு எடுத்து ஒட்டியாச்சு. ஆத்த மட்டும் எடுங்க."

அந்த நாட்களில் பிலிம் கிடைப்பதே அரிது. சுருளில் இருந்த எட்டையும் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது ஆறு படங்களில் இருட்டுத்தான் விழுந்திருந்தது. இன்னொன்று மங்கல். ஒன்றில் மட்டும் ஆறு தெரிந்தது, அதை அவரிடம் கொடுத்தேன்.

புதனுக்கு முந்தின நாள் மாத்தளை ஸ்டேசனில் வழியனுப்பப் போனேன். சுங்கத்தில் காட்டவேண்டிய சாமான் பட்டியல் படிவத்தை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். பித்தளைக் குடம் ஒன்று. கம்பளி இரண்டு. கடைசியில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"இத என்னான்னு போடுவீங்க?"

"படம் ஒன்று."

"சம்சாரம்னு போட முடியாதுங்களா?"

அது சாமான்களுக்கான பட்டியல், ஆட்களை அதில் எழுத முடியாது என்றேன். நான் சொன்னது விதிப்படி முற்றிலும் சரி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.