என்னை மடத்துக்கு நேர்ந்திருந்தார்கள்

அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது சித்தியின் தலைமுடி தோளைக்கூடத் தொடவில்லை. மடத்தில் வெட்டிய முடி. கன்னியாஸ்திரி உடுப்பைக் கழற்றிவிட்டு வந்தவள் என்பது மந்தைவெளியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

எங்களோடேயே இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு சவுரி வாங்கி வந்தாள். "இத்த வச்சுக் கொண்டை போட்டுக்க. என் தம்பி மானம் போவுது." சித்தி மறுபேச்சில்லாமல் வைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் நெற்றியோரம் வேர்த்து வழியும்.

மடத்துப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். வெளியே வந்த பிறகு வேலை தேடிப் போன பள்ளிகளில் எல்லாம் மடத்தை விட்டு ஏன் வந்தாய் என்றுதான் கேட்டார்கள். "கொஞ்ச நாள் வீட்லயே இரு, ஊர் வாய் அடங்கட்டும்" என்றார் அப்பா. அடுப்படி அத்தையுடையது. சித்திக்கு மிஞ்சியது முன்னறை மட்டும். அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே உட்கார்ந்து எனக்கு அல்ஜீப்ரா சொல்லித்தருவாள். திடீரென்று எழுந்து கதவுவரை போவாள், திரும்பி வருவாள்.

"அங்க மணி அடிச்சா எழுந்திருப்போம், மணி அடிச்சா உக்காருவோம்" என்றாள் ஒருநாள். "இங்க மணி அடிக்கிறதில்ல. அவ்வளவுதான்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த வாரம், சாப்பிடும்போது அத்தை பேச்சை எடுத்தாள். குழந்தையில் எனக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பேனா என்றிருந்தபோது, பிழைத்தால் மடத்துக்குக் கொடுப்பதாக அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். அடுத்த மாதமே கொண்டுபோய் விட வேண்டும். எனக்கு இது புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

சித்தி என்னைப் பார்த்தாள். "உனக்குப் போகணுமா?"

"தெரியல சித்தி."

"நடுவுல ஓடியாந்தவளுக்கு இதுல இன்னா பேச்சு?" என்றாள் அத்தை.

"ஓடிவந்தவதான் பேசணும். என்னையும் எங்கப்பா இப்படித்தான் கொண்டுபோய் விட்டாரு. உனக்குச் சம்மதமான்னு ஒருத்தரும் கேக்கல."

"செத்தவ வார்த்தைய எப்படி மீறறது?" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

"இவ காலேஜ் படிக்கட்டும். முடிச்சிட்டு தானா போறேன்னா, நானே கூட்டிட்டுப் போய் விடறேன். இப்ப அனுப்பினா நானும் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் சித்தி சவுரி இல்லாமல் பஸ் ஏறி தி.நகர் போனாள். அங்கே ஒரு பாத்திரக்கடை மாடியில், பரீட்சையில் தவறிய பெண்களுக்கு டுடோரியல் நடந்தது. நடத்தியவர் திருநெல்வேலிக்காரர். அவர் மடத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. "கணக்கு எடுப்பீங்களாம்மா? நாளைக்கே வாங்க."

என்னை மடத்துக்கு அனுப்பவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தேன். ஆனால் அப்பா அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "உங்க சித்திகிட்ட சொல்லு" என்பார், அவள் எதிரே நிற்கும்போதே. மாலையில் மாணவிகளோடு சிரித்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் நுழையும்போது அந்தச் சிரிப்பை நான் பார்த்ததேயில்லை. ஆறிப்போன சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

எனக்கு வேலை கிடைத்து அடையாறில் வீடு பார்த்தபோது அவளைக் கூப்பிட்டேன். அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"என்கூட வந்துடு சித்தி. இங்க உனக்கு என்ன இருக்கு?"

"ஒரு தடவை வெளிய வந்ததுக்கே என் தெம்பெல்லாம் போயிடுச்சும்மா" என்றாள். "இன்னொரு தடவை முடியாது."

உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். கஞ்சி ஆறுகிறதாம். சித்தி கைப்பிடித்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.