சோபாவை அழுத்திப் பார்க்க வந்தவர்கள்

ஃபிஜித் தீவில், லம்பாசாவில் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளியில் ஒரு வருடம் இரண்டு நாவல்களை ஒப்பிட்டுப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் கதை சொல்வது குழந்தை. இரண்டிலும் வீட்டில் கஷ்டகாலம். முதல் நாவல் வேறொரு நாட்டில், பஞ்சாலை மூடிப்போன ஊரில் நடப்பது. அதில் வரும் பையனுக்கு ஒன்றுமே புரியாது. அப்பா ஏன் பகலெல்லாம் படுத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். படிக்கிற நமக்குத்தான் எல்லாம் புரியும். இரண்டாவது இங்கேயே, எங்கள் ஊரின் நசியா பகுதியில், முதல் ராணுவப் புரட்சிக்குப் பிந்தைய மாதங்களில் நடப்பது. அதைச் சொல்கிற பத்து வயதுப் பெண்ணுக்கு எல்லாமே தெரியும். அதை எழுதியவள் ஒரு காலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி.

என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து கணக்கு வாத்தியாராக வந்தவர். அவள் வீட்டார் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம். தமிழ் அவர்கள் வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஃபிஜி இந்தியில். எங்கள் வீட்டில் சாப்பிட்டு விளையாடியதில் கொஞ்சம் தமிழும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. புரட்சி நடந்ததும் அவள் அப்பா வேலை பார்த்த துணிக்கடையின் முதலாளி கடையை மூடிவிட்டுக் கனடா போனார். கொஞ்ச காலத்தில் அவள் வீட்டாரும் நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருந்துவிட்டோம். அப்பாவின் சம்பளத்தை வெட்டினார்கள், ஆனால் வேலை இருந்தது. கஷ்டத்தில்கூட அவளுக்குத்தான் பெரிய பங்கு கிடைத்தது. அவள் புத்தகம் கைக்கு வந்தபோது என் மனம் நிஜமாகவே இப்படித்தான் கணக்குப் போட்டது.

அதே மாதங்களைப் பற்றி நானும் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்பு தொடங்கியது, முடியவே இல்லை. என் கதையைச் சொல்பவனும் ஒன்றும் அறியாத ஒரு பையன்தான்.

பஞ்சாலைப் பையனை வகுப்பில் ஆசையாக நடத்தினேன். அவள் நாவலுக்கு வந்ததும் என் குரல் மாறியது. அதில் ஒரு காட்சி: ஞாயிற்றுக்கிழமைகளில் அறிமுகமில்லாதவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா டீ கொடுக்கிறாள். அவர்கள் பேசிக்கொண்டே சோபாவை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார்கள், மேசையின் காலை ஆட்டிப் பார்க்கிறார்கள். இவர்கள் விருந்தாளிகள் இல்லை, சாமான் வாங்க வந்தவர்கள் என்று அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுகிறாள். பத்து வயதுக் குழந்தைக்கு இது தெரியவே தெரியாது, எழுத்தாளர் நாற்பது வயதுக்காரிக்குக் கவுன் மாட்டிவிட்டிருக்கிறார் என்றேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அது நான் எழுதியிருக்க வேண்டிய பக்கம்.

அந்த வருடமே உறவுக்காரர் கல்யாணத்துக்காக அவள் ஆக்லாந்திலிருந்து ஊருக்கு வந்தாள். என்னையும் பார்க்க வந்தாள். காலில் மெல்லிய தோல் செருப்பு. அதைக்கூட என் கண் விடவில்லை. மரவள்ளி அவித்துத் தரச் சொன்னாள். தட்டைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். நாங்கள் வாரத்தில் பாதி நாள் அதைத்தான் தின்கிறோம்.

புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறதே என்றேன். அவள் தன்னிடம் மிச்சமிருந்த தமிழில் பதில் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு நான் இல்ல. நீதான்.”

பிறகு இந்தியில் விளக்கினாள். அந்த வருடம் அவளுக்கு ஒன்றுமே தெரியாதாம். தங்களைப் பிடித்துப்போய்த்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்து, தன் பொம்மையைக் கொண்டுவந்து அவர்களுக்குக் காட்டுவாளாம். நான்தான் செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்கள் உன்னைப் பார்க்க வரவில்லை, சோபாவைப் பார்க்க வந்திருக்கிறார்கள், நீங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகப்போகிறீர்கள் என்று சொன்னேனாம். அவள் அழுது, பல நாள் என்னோடு பேசவில்லையாம்.

செம்பருத்தி வேலி நினைவுக்கு வந்தது. நான் சொன்னது வரவில்லை.

சந்தோஷப்பட்டிருக்கலாம். மாறாக, எனக்கு இன்னும் எரிந்தது. கஷ்டத்தைத்தான் அவள் கொண்டுபோனாள் என்று நினைத்திருந்தேன். என் கண்ணையும் கொண்டுபோயிருக்கிறாள். நான் அப்படி ஒரு குழந்தை என்று தெரிந்திருந்தால் அந்த முட்டாள் பையனை வைத்து இத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கலாமே, ஒன்றும் தெரியாத ஒரு பெண், வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்த இன்னொருத்தி என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பில்லை. “அப்படி எழுதினா எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. நான் பொம்மைய வச்சிக்கிட்டு நிப்பேன்.”

அவள் போன பிறகும் வெகுநேரம் எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

என் கதையிலிருந்து பையனை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பெண்கள், நடுவில் வேலி. நன்றாகத்தான் வருகிறது. அவள் அவ்வப்போது போன் செய்து, நீ ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்பாள். பள்ளியில் வேலை அதிகம், நேரமே இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.