மச்சாள் என்னைத் தொட்ட நாள்

என் முதல் மரக்காலில் ஆட்டுத்தோல் மணக்கும். வெட்டிய இடத்தில் உறுத்தாமலிருக்க உள்ளே தோல் வைத்து, தொடையோடு சேர்த்துக் கட்ட இரண்டு வார் தைத்து, கல்லடி ஊரில் வண்டி செய்கிற தச்சர் ஒருவர் அதைச் செய்து தந்தார். வயல்வட்டையில் நின்ற என் ஐயாவுக்குச் சோறு கொண்டுபோன வழியில் பாம்பு கடித்து, புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. பிள்ளை வளரும், மரக்கால் வளராது என்பதை முதலில் யாரும் யோசிக்கவில்லை. நான் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கும்போதெல்லாம் ஐயா அதன் அடியில் இன்னொரு மரத்துண்டு வைத்து ஆணி அறைவார்.

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பின்னேரமானால் பிள்ளைகள் கடற்கரையில் கோடு கிழித்துக் கிளித்தட்டு விளையாடுவார்கள். கோடுகளில் காவல் நிற்பவர்களின் கையில் படாமல் கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வரவேண்டும். என் கட்டை மணலில் புதையும். ஆகவே ஒரு தாழை நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் மச்சாள், மாமாவின் மகள், என் வயதுக்காரி, அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. அவள்தான் ஒருநாள் ஆட்டத்தை வாவிக்கரைக்கு மாற்றினாள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிச் சேறு இறுகிக் கிடக்கும் இடம் அது. எனக்காக என்று அவள் சொல்லவில்லை. மணலில் கோடு அழிந்துபோகிறது என்றுதான் மற்றவர்களிடம் சொன்னாள்.

இறுகிய தரையில் என்னால் ஓடவே முடிந்தது. ஓட்டம் என்று அதைச் சொல்லலாமோ தெரியாது, ஆனால் காற்று முகத்தில் அடித்தது. முதல் கோட்டில் நின்றவன் நான் வரும்போது வானத்தைப் பார்த்தான். அடுத்தவன் கையை நீட்டி, தொடாமல் மடக்கிக்கொண்டான். எல்லாரும் நல்ல பிள்ளைகள், என்மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்துக்குள் நடந்துபோவது எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசிக் கோட்டில் மச்சாள் நின்றாள். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. பாய்ந்து வந்து முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். நான் குப்புற விழுந்தேன். வார் அறுந்து கட்டை தனியே உருண்டது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, காலில்லாத பிள்ளையை இப்படியா விழுத்துவது என்று அவளைப் பிடித்து உலுக்கினாள். மச்சாள் பின்வாங்கவில்லை.

"மாமி, மச்சான் விளையாடத்தானே வந்தவன். நான் தொட்டன், அவன் ஆட்டத்தில இல்ல. மறுகா, அடுத்த ஆட்டத்தில, அவன் காவல் நிக்கட்டும், என்னையும் அடிக்கட்டும்."

அம்மா என்னைத் தூக்க வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லி, கட்டையை எடுத்து வரச் சொன்னேன். முழங்கையில் இரத்தம் வடிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லாரும் என்னைத் தொட்டார்கள்.

அது ஒரு வெயில் காலம் மட்டும்தான். மழை வந்து வாவி நிறைந்தது. அடுத்த முறை தண்ணீர் வற்றுவதற்குள் மச்சாள் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் போய்விட்டாள். நாங்கள் தொடர்ந்து விளையாடினோம், அவள் வேலி இடுக்கால் பார்ப்பாள் என்று சொல்வார்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை, பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று பயம்.

எங்கள் பக்கத்தில் மாமன் மகள் என்றால் உரிமைப் பெண். கலியாணப் பேச்சு வந்தபோது என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. வயலில் இறங்கி வேலை செய்யக்கூடிய மாப்பிள்ளை வேண்டும் என்று மாமா சொன்னாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. கொக்கட்டிச்சோலையில் நிறைய வயலுள்ள ஒரு போடியார் வீட்டில் அவளைக் கொடுத்தார்கள். தோணியில் வாவியைக் கடந்து போனாள்.

யுத்தம் முடிந்த பிறகு, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, அங்கேயே செய்வித்த புதுக் காலோடு கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குப் போனேன். தேரடியில் இடுப்பில் ஒரு பிள்ளையோடு அவள் நின்றாள். அவளிடம் சொல்ல எத்தனையோ வார்த்தைகளை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் என் காலைப் பார்த்துச் சிரித்தாள்.

"வடிவா இருக்கு மச்சான். எங்க செஞ்ச?"

"கொழும்பில" என்றேன்.

அவள் கணவர் கூப்பிட்டார். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவள் போன பிறகும் நான் தேரடியிலேயே நின்றேன். சனம் எனக்கு இடம் விட்டு, என்மேல் படாமல் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது.