நடப்பவர்களுக்கு ஒரு கட்டம்

கலாராணி அக்காவுக்கு யாரைக் கண்டாலும் "எங்க போறீங்க?" என்று கேட்காமல் இருக்க முடியாது. அம்பிட்டியவில் எங்கள் மேட்டுக் குடியிருப்பிலிருந்து கீழே வீதிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். அந்தப் படிகளில் இறங்குகிற எவரும் அவருக்குப் பதில் சொல்லாமல் தப்பியது கிடையாது. கேட்டுவிட்டுச் சும்மாவும் விடமாட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றால் "கிளினிக் துண்ட எடுத்துக்கிட்டீங்களா?" என்பார். சோதனைக்கு என்றால் பேனாவை வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

பதினான்கு வருடம் கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடையில் நின்று வேலை செய்தவர். முழங்கால் வலி வந்ததும் அதை விட்டார். ஆனால் வீட்டில் சும்மா இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீதியை அகலமாக்கும் திட்டத்துக்காக வாகனங்களை எண்ண ஆட்கள் தேவை என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

மூன்று நாள் வேலை. வீதி வளைகிற இடத்தில் படிகள் வந்து முடிகின்றன. அதற்கு எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பு, அதை ஒட்டி றிஸானாவின் கடை. அக்குறணையிலிருந்து கல்யாணமாகி வந்த றிஸானா, கலாராணி அக்காவின் நெருங்கிய கூட்டாளி. அவர் போட்டுக் கொடுத்த கதிரையில் உட்கார்ந்து அக்கா வேலையைத் தொடங்கினார். படிவத்தில் மோட்டார் சைக்கிள், திரீவீல், கார், வேன், பஸ், லொறி என்று கட்டங்கள் இருந்தன. ஒரு வாகனம் போனால் ஒரு கோடு போட வேண்டும்.

முதல் நாள் ஏழு மணி ஆகும் முன்பே அவருக்கு ஒன்று உறுத்தியது. படிகளில் ஆட்கள் இறங்கி வந்தபடியே இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் கட்டம் இல்லை. கடையில் கோடு போடுகிற அடிமட்டம் ஒன்று வாங்கிப் படிவத்தின் ஓரத்தில் இன்னொரு கட்டம் கீறி, மேலே 'நடக்கிறவங்க' என்று எழுதினார். பின்பக்கத்தில் அவரவர் போகுமிடத்தையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பாலேந்திரன் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். வீதியின் படத்தை வரைந்த என்ஜினியர் அவர்தான்.

"இது ஆர் கீறினது?"

"நான்தான் சேர். அவங்களும் இந்த ரோட்டுலதானே போறாங்க."

"இது வாகனக் கணக்கெடுப்பு அம்மா. கொம்பியூட்டரிலை இதைப் பதியேலாது."

"கம்பியூட்டர் எடுக்காட்டி பரவால்ல சேர். நீங்க எடுத்துக்கங்க."

பாலேந்திரனுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தாளைத் திருப்பினார். பள்ளிக்கூடம் அறுபத்து நாலு, பெரியாஸ்பத்திரி முப்பத்தொன்று என்று வரிசையாக இருந்தது. ஒரு இடத்தில் 'சர்மிளா, ஏழு மாசம், கிளினிக்' என்று பெயரோடே எழுதியிருந்தது. பிறகு பக்கத்திலிருந்த பஸ் தரிப்பைக் காட்டினார்.

"இந்தத் தரிப்பை நானூறு மீற்றர் கீழை கொண்டுபோகப் போறம். வளைவிலை பஸ் நிண்டால் பின்னாலை எல்லாம் இறுகிப் போகுது."

அக்காவின் முகம் மாறியது. "எவ்வளவு நேரம் நடக்கணும் சேர்?"

"ஐஞ்சு நிமிஷம்."

"யாரு நடந்து பாத்தது?"

பாலேந்திரன் மறுநாள் காலை ஆறரைக்கு வந்து நின்றார். அக்காவின் கதிரையில் றிஸானா உட்கார்ந்து கோடு போட, அவர்கள் இருவரும் இறங்கி நடந்தார்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான், நடைபாதை என்று எதுவும் இல்லை. ஒரு லொறி உரசுவதுபோல் வந்ததில் பாலேந்திரன் மதிலோடு ஒட்டி நிற்க, வெள்ளைச் சட்டை முழுக்கப் பாசி. ஏறி வரும்போது அக்கா இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். வலியை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது. ஏறி வந்துசேர மட்டும் பதினான்கு நிமிடம்.

"ஐஞ்சு நிமிஷமெண்டு நான்தான் எழுதினனான்" என்றார் பாலேந்திரன்.

தரிப்பு அங்கேயே இருக்க வேண்டுமென்றால் பஸ் வீதியை விட்டு ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். அந்த வளைவில் அப்படி இருந்தது ஒரே இடம். றிஸானாவின் கடையின் முன்பக்கம், ஆறு அடி. அதைப் பாலேந்திரன் சொன்ன பிறகு அக்கா இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் றிஸானாவே மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார்.

"என்ன கலா, ஆளையே காணல்ல? என்னோட கோவமா?"

அக்கா விஷயத்தைச் சொன்னார். றிஸானாவின் கண் சிவந்தது.

"ஏன்ட கடைய வெட்டவா நீ நடந்து பாத்த?"

வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டார். அன்று அக்கா சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து வாசிகசாலை மண்டபத்தில் ஊர்க் கூட்டம். பாலேந்திரன் வீதியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் சுவரில் ஒட்டியிருந்தார். அக்கா சிங்களத்திலும் தமிழிலும் பேசினார். நடப்பவர்களைப் பற்றி எல்லாம் சொன்னார். கடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து றிஸானா எழும்பினார்.

"முன்பக்கத்த நான் தாறேன். அண்டைக்கு அந்தக் கதிரையில இருந்து நானும்தானே எண்ணினேன். அரை மணித்தியாலத்துக்குள்ள எத்தன புள்ளைகள்! ஆனா சும்மா தரமாட்டேன். தரிப்புக்குக் கூரை போடணும். ஏன்ட கடைய ஒழுங்காக் கட்டியும் தரணும்."

அக்கா எல்லோர் முன்னாலும் அழுதார். "ஏன் இப்ப அழுற?" என்று றிஸானா அதட்டினார்.

இப்போது பஸ் ஒதுங்கி நிற்கிறது. கூரை இருக்கிறது, படிகளுக்கு நேரே வீதியைக் கடக்க மஞ்சள் கடவை இருக்கிறது. வளைவில் நின்ற பலாமரம் போய்விட்டது. அதை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. கடை ஒடுங்கிவிட்டது. திரும்பினால் பிஸ்கட் டின் விழுகிறது என்று றிஸானா தினமும் அக்காவைத் திட்டுகிறார். திட்டி முடித்ததும் பிளேன்டீ ஊற்றித் தருகிறார்.

குண்டசாலையில் அடுத்த வீதி வேலைக்கும் பாலேந்திரன் அக்காவைத்தான் கூப்பிட்டார். தெரியாத இடம், காலை முதல் மாலை வரை சிங்களத்தில்தான் பேச வேண்டும் என்று நாங்கள் கவலைப்பட்டோம். இரண்டாம் நாளே அந்தத் தெருவில் மூன்று வீட்டிலிருந்து அவருக்குப் பகல் சோறு வந்ததாம். எந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவது என்று தெரியாமல் மூன்றையும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக் கிடந்தார்.