மாயாண்டியின் சிரிப்புக்கு ஒரு கமரா

கணபதி அண்ணரின் செத்தவீட்டில் கமலேஸ்வரி அக்கா என்னைப் பிடித்துப் பேசினார். பேச்சு வாங்குகிற வேலையைத்தான் நானும் பார்த்திருந்தேன். அக்கராயன் சந்தியில் போட்டோக் கொப்பி எடுத்து, அடையாள அட்டைக்குப் படம் பிடித்து, பனர் அடித்துக் கொடுக்கிற கடை என்னுடையது. அஞ்சலிப் பனருக்கு ஒரு நல்ல படம் கேட்டேன். கணபதி அண்ணரின் வீட்டார் பெட்டியெல்லாம் கிளறி, கடைசியில் அவருடைய அடையாள அட்டையைக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தச் சின்னப் படத்தை ஆறடிக்குப் பெருப்பித்துக் கொடுத்துவிட்டேன்.

"தம்பி யோகநாதன், உதிலை நிக்கிறது ஆர்?" அக்கா பனரைக் காட்டிக் கேட்டார்.

"என்னக்கா, கணபதி அண்ணைதானே."

"கணபதி அண்ணை எல்லாரையும் சிரிப்பிச்ச மனுசன். உது பொலிஸ் தேடுற ஆள். செத்த பிறகு மனுசனைக் கள்ளனாக்கிப் போட்டாய்."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், வந்தது. "வீட்டிலை வேறை படம் இல்லாட்டி நான் என்ன, கீறியே குடுக்கிறது?" என்றேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது திருப்பித் தருகிறவர் அன்று பனருக்குக் கிட்டப் போய் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கடை வீட்டிலையும் இல்லை."

அவருக்கு ஐம்பது வயது. எழுபத்தேழுக் கலவரத்தோடு பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை. கூலிக்கு நெல் வெட்டி, கச்சான் கடலை பிடுங்கி, சண்டையில் ஓடி, திரும்பி வந்து, இன்று குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு துண்டு வயலும் வீட்டோடு ஒரு கச்சான் தோட்டமும் வைத்திருக்கிறார். நன்றி சொன்னாலும் அதட்டித்தான் சொல்வார். கணவர் மாயாண்டி அண்ணனும் அதே கலவரத்தில், ஏழு வயதில் வந்தவர். வீட்டில் பேச்சு அக்காவுடையது, சிரிப்பு அண்ணனுடையது. முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடி, தொடையில் அடித்துச் சிரிப்பார். பக்கத்துக் காணியில் நிற்பவர்களுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் குடும்பத்தைப் படமே எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. முகாமில் எடுத்தார்கள். திரும்பிக் குடியேறியபோது வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி எடுத்தார்கள். அட்டைக்கு எடுத்தார்கள், பதிவுக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இலக்கம் இருந்தது. அட்டையில் ஒட்டியதைத் தவிர ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. கலியாணம் நடந்தது தொண்ணூற்றேழில், இடம்பெயர்ந்து இருந்த காலத்தில். அங்கே தாலிக்கு மஞ்சள் கிடைத்ததே பெரிய காரியம், படத்துக்கு எங்கே போவது?

இதோடு இன்னொன்றும் இருந்தது. மாயாண்டி அண்ணனின் இருதயத்தில் அடைப்பு என்று யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் கண்டுபிடித்து, அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். (ஆள் இப்போது சுகமாகத்தான் இருக்கிறார். அன்று அது யாருக்குத் தெரியும்?)

செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் அக்கா கடைக்கு வந்தார். "அவர் சிரிக்கிற படம் ஒண்டு எனக்கு வேணும். திகதிக்கு முன்னம் வேணும். அதுக்கு ஒரு கமரா வாங்கித் தா."

"என்னட்டையே கமரா இருக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ, சும்மா எடுத்துத் தாறன்."

"உன்ரை கதிரையிலை இருந்தால் அடையாள அட்டைக்கு இருக்கிற மாதிரி, காது ரெண்டும் தெரியத்தான் இருப்பார். வேண்டாம். சாமான் வீட்டிலை கிடக்கவேணும். பழகவேணும்."

போனில் எடுக்கலாமே என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார். மகள் நிரோஜாவின் முந்திய போன் ஒரு வருடப் படங்களோடு வாய்க்காலுக்குள் போய்விட்டது. இப்போதைய போனில் எடுத்தால் பனிக்குள் நிற்கிற மாதிரித்தான் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் முதலில் கிளிநொச்சிக்குப் போனோம். நிரோஜா முன்பள்ளி ஆசிரியை, அவளுக்குப் புதிதுதான் வேண்டும். "ஆரோ பாவிச்சதை ஏன் அம்மா வாங்குவான்?" என்றாள். கடையில் இருந்த பெயர்பெற்ற கமராவின் விலை ஒரு போகத்துக் கச்சானை விழுங்கிவிடும். அதற்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பெட்டி, அரைவாசி விலையும் இல்லை. பெட்டியின் மேல் மெகாபிக்சல் கணக்குப் பெரிய எழுத்தில் இருந்தது. நிரோஜாவின் கை அதற்குப் போனது.

"பிள்ளை, உந்த இலக்கத்தைப் பாத்து மயங்காதை," என்றேன். "உது விளையாட்டுச் சாமான். உள்ளுக்கை இருக்கிறது உன்ரை போனை விட மோசம். உதை வாங்கிறதிலும் பாக்க, நல்ல கமரா பழசெண்டாலும் திருத்தினதாப் பாத்து வாங்கலாம்."

அப்படியான கடை வவுனியாவில் இருந்தது. வெளிநாட்டில் பாவித்துக் கழித்ததை இறக்கி, துடைத்து, பற்றரி மாற்றி விற்கிறார்கள். முதலாளி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, கீறலே இல்லை. மற்றது வெள்ளி நிறம், மூலையெல்லாம் தேய்ந்து போனது. நிரோஜா கறுப்பைத் தூக்கினாள். நான் கைவிளக்கை அதன் வில்லைக்குள் அடித்துக் காட்டினேன். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய பூஞ்சணம் ஓடியிருந்தது. வெள்ளி நிறத்தின் வில்லை கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"மாட்டைப் பல்லுப் பாத்து வாங்கினனாங்கள்," என்றார் அக்கா. "இதைக் கண்ணைப் பாத்து வாங்கவேணும். அப்பிடித்தானே?"

பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார். "ஏன் வித்தவை?"

"அங்கை இப்ப எல்லாரும் போனிலைதான் எடுக்கினம், அம்மா. வேண்டாமெண்டு கழிச்சது."

"வேண்டாமெண்டு கழிச்சதோ, பழுதெண்டு கழிச்சதோ?"

முதலாளி சிரித்துவிட்டார். அக்கா சும்மா விடவில்லை. பத்துத் தரம் போட்டு நிற்பாட்டி, வில்லை வெளியே வந்து போகிற சத்தத்தைத் தண்ணிப் பம்பின் சத்தம் கேட்கிற மாதிரிக் காது வைத்துக் கேட்டார். மூன்று மாத உத்தரவாதத்தைப் பில்லில் எழுதுவித்தார். பற்றரி ஒன்று மேலதிகமாக வாங்கினார். புதியதின் விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் முடிந்தது. நல்ல சாமான் என்று நானே பொறாமைப்பட்டேன்.

கமரா வீட்டுக்குப் போன அன்றே பிரச்சினை தொடங்கியது. மாயாண்டி அண்ணன் பெட்டியைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், கூட்டிக் கழித்தார். "என்னா புள்ள, என்னைய அனுப்பி வைக்கத்தான் ஏற்பாடா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் நாடி நிமிரும், வாய் மூடும், இரண்டு காதும் முன்னுக்கு வரும். இரண்டு கிழமை கழித்து அக்கா கமராவைக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நாப்பது படம் எடுத்தாச்சு, தம்பி. நாப்பதும் காட்டுப் படம்." அவர் சொன்னது அடையாள அட்டையை. எனக்குப் பகிடி விட மனம் வரவில்லை.

திகதிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிய அண்ணன் வாசலில் கதிரை போட்டு இருந்தார். நிரோஜா கமராவை எடுத்தாள். அண்ணன் உடனே விறைத்துப் போனார்.

"கொஞ்சம் சிரியுங்கோவன்," என்றார் அக்கா.

"பனருக்குச் சிரிச்ச படம் எதுக்கு புள்ள?"

அக்கா வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். "ஓம், எனக்குப் பயம்தான்," என்றார். "பயமில்லையெண்டு பொய் சொல்லமாட்டன். நீங்கள் திரும்பி வருவியள், எனக்குத் தெரியும். ஆனா ஆஸ்பத்திரி வாசலிலை இருக்கேக்கை நான் எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? உந்தக் காட்டு மூஞ்சியையோ? அந்த மூஞ்சியோடை நான் ஒரு நாளும் குடும்பம் நடத்தேல்லை."

அண்ணன் கதிரையை அரக்கி அவருக்கு இடம் விட்டார். பிறகு, "சரி, எடுங்க. ஒரேயொரு படம். நீயும் நில்லு புள்ள," என்றார். அக்கா உடுப்பு மாற்றுகிறேன் என்று அவசரமாக உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தவர் நல்ல பச்சைச் சேலை கட்டி, பொட்டு வைத்திருந்தார். கணவருக்குப் பக்கத்தில் வந்து நேராக நின்றார். நாடியை நிமிர்த்தினார். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கையில் ஒரு பொலித்தீன் உறை. உள்ளே மூன்று பேருடைய அடையாள அட்டையும் குடும்ப அட்டையும். யாரும் கேட்கவில்லை. படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் கை தானாகப் போய் எடுத்து வந்துவிட்டது.

அண்ணன் உறையைப் பார்த்தார். "ஏன் புள்ள, நம்ம நிரோஜா நம்மளப் பதியப் போறாளா?"

அக்கா குனிந்து தன் கையைப் பார்த்தார். "ஐயோ," என்றார். அவ்வளவுதான். அண்ணனுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. கண் இறுகி மூடியது, வாய் திறந்தது, கை தொடையில் விழுந்தது. நிரோஜா கமராப் பொத்தானை அமத்திக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, அதைச் சொல்ல வெட்கமில்லை.

நிரோஜா படத்தைக் காட்டினாள். "அம்மா, உங்கடை முகம் வடிவா விழேல்லை. குனிஞ்சுகொண்டு நிக்கிறியள். இன்னொண்டு எடுப்பம்."

"வேண்டாம். இதுதான்," என்றார் அக்கா.

மாயாண்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கமராவை வாங்கினார். சின்னத் திரையைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், நெடுநேரம் பார்த்தார். ஐம்பத்துநாலு வயது மனிதர், தன்னுடைய சிரிப்பை அதற்கு முன் ஒரு தரமும் கண்டதில்லை.

"நான் இப்புடியா புள்ள சிரிக்கிறேன்?"

"ஓம்," என்றார் அக்கா. "இருபத்தேழு வருசமா."