ஈயம் கழித்த எடை

லாரி எடை மேடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் கறாரக்கா. தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது, பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே அரை அடி விட்டு நிறுத்துவது என்று லாரிக்காரர்களின் தில்லுமுல்லு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எவனாவது வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், "இறங்குப்பா, சரக்கோட சேத்து உன்னையுமா விக்கப் போறே?" என்பார்.

வயிற்றில் முக்கால்வாசியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகுதான் அவர் எனக்கு அறிமுகமானார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அவருக்கு நான் டாக்டரம்மாதான்.

"மூணு வேளைக் கணக்கை மறந்துடுங்கக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, உள்ளங்கை அளவு. சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், இடத்தை அடைச்சிக்கும்" என்றேன்.

"சின்ன வண்டி, நிறைய நடை. அவ்ளோதானே?"

இத்தனை வருஷத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக எனக்கே சொல்லத் தெரிந்ததில்லை. அவித்த முட்டை, பால் பவுடர் கலந்த கெட்டிப் பால், மசித்த பழத்தில் வெண்ணெய் என்று மணியடித்தாற்போல் சாப்பிட்டார். பார்க்க வந்த மைத்துனர், "பட்டினி போட்டா கட்டி தானா செத்துடும் அண்ணி" என்று ஆரம்பித்தாராம். "கூடவே நானும் செத்துடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டு, அவர் முகத்துக்கு எதிரிலேயே முட்டையைக் கடித்திருக்கிறார். இப்படி வந்து உளறுகிறவர்களை வாசலிலேயே எடை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எனக்கும் தோன்றும்.

ஆனால் மருந்து ஏற ஏற வாய் கசந்தது, வாந்தி வந்தது, எடை இறங்கியது. பெரிய டாக்டர் ஒரு கோடு போட்டார். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குக் குழாய் விட்டு, அதில்தான் சாப்பாடு.

கறாரக்காவின் முகம் வெளுத்தது. "மூக்குல குழாயோட எடை மேடை ஜன்னல்ல உக்காரவா? ஒருத்தன் பாவம்னு பாத்தாலும் என் பொழப்பு போச்சு. அப்புறம் எவன் எனக்குப் பயப்படுவான்?"

பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். அவர் திரைச்சீலை தைக்கும் டெய்லர். அதிகம் பேசாத மனிதர்.

அடுத்த வாரம் அக்கா என் அறைத் தராசில் ஏறினார். நாற்பத்தைந்து கிலோ நானூறு. போன வாரத்தைவிட இருநூறு கிராம் அதிகம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

"இருங்க" என்றார் அக்கா. "நாலு நாளா வாந்தி. எப்படி ஏறும்? காலையிலேருந்து நடக்கவே கனமா இருக்கு. அசதின்னு நெனைச்சேன்."

குனிந்து பாவாடை ஓரத்தைத் தடவினார். கூட வந்திருந்த டெய்லர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா என் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தார். திரைச்சீலை ஆடாமல் தொங்குவதற்காக அடியோரத்தில் வைக்கும் ஈயத் துண்டுகள் ஒவ்வொன்றாக என் மேசையில் விழுந்தன.

"குழாய்க்குப் பயந்தியே... அதான்" என்றார் டெய்லர்.

"எத்தனை லாரியைத் திருப்பியிருக்கேன்! என் வீட்டு வண்டியிலேயே ஈயமா?" என்றார் அக்கா.

எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவும் சாப்பாட்டின் அளவும் முடிவாகின்றன, பொய் எடை உயிரோடு விளையாடுவது என்று விளக்கினேன். டெய்லர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே பொய்யை எழுதப் பேனா எடுத்தவள் நான். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அக்கா மறுபடி ஏறினார். நாற்பத்து நான்கு கிலோ எழுநூறு.

"எழுதுங்க. குழாயைப் போடுங்க. ஆனா படுத்துக் கெடக்க மாட்டேன், வேலைக்குப் போவேன்." ஈயத்தை வழித்து என் பேனா டப்பாவில் போட்டார். "எழுநூறு கிராம். இதை நானே ஏத்திக் காட்டறேன். அதுவரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும்."

குழாய் உணவு ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கப் பத்தாம் நாள் எடை மேடைக்கே போனேன். கன்னத்தில் பிளாஸ்டர், மூக்கில் குழாய், ஜன்னல் கம்பியில் உணவுப் பை. பைக்குப் பூப்போட்ட திரைத்துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார் டெய்லர். ஒரு டிரைவர் வாயைப் பிளந்து பார்த்தான்.

"என்னப்பா வேடிக்கை? நான் டீசல் போட்டுட்டிருக்கேன். உன் பின் சக்கரம் வெளிய நிக்குது, ஏத்து!"

அவன் அவசரமாக வண்டியை ஏற்றினான்.

குழாயோடு, வாயாலும் விடாமல் சாப்பிட்டார். நூறு ஏறும், ஐம்பது இறங்கும். ஏழாவது வாரம் என் அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார், பாவாடை ஓரத்தை என்னையே தடவிப் பார்க்கச் சொன்னார், கணவரை மூன்றடி தள்ளி நிற்கவைத்தார். பிறகுதான் ஏறினார்.

நாற்பத்தைந்து கிலோ நானூறு.

நான் எழுதி முடிக்கும்வரை அவர் இறங்கவில்லை. பிறகு டப்பாவிலிருந்த ஈயத்தை எடுத்துக் கணவரின் கையில் கொட்டினார்.

"கொண்டுபோய்த் திரைச்சீலையில வெச்சுத் தைங்க."