கானாத் தெருவில் கடைசி இரண்டு வீடுகள்

காலை 6.20. ஜெர்மனியின் ஹம் நிலையத்தில் ரயில் ஏறினேன். அறுபத்து மூன்று யூரோ மாதச் சீட்டு வைத்திருப்பவனுக்கு விரைவு ரயில் கிடையாது. மின்டன், ஹனோவர், ஊல்சன் என்று மூன்று இடத்தில் மாறி ஹம்பேர்க் போய்ச் சேர, இடுப்பு விட்டுப்போயிற்று.

அகதி முகாமில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்த சறோ அக்காதான் கூப்பிட்டார். அவர் இருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரனிடமிருந்து ஏதோ கடிதமாம்.

மதியம் 12.00. நிலையத்திலிருந்து பேருந்தில் பன்னிரண்டு நிமிடம். எங்கள் ஆட்கள் 'கானாத் தெரு' என்று சொல்லும் தெரு. கறுப்பர்களுக்கு வேறெங்கும் வீடு கொடுக்காத காலத்தில், கானாவிலிருந்து வந்தவர்கள் ஈரச்சுவர் என்றும் பாராமல் இங்கே குடியேறினார்கள். முடி பின்னும் கடைகள், கருவாட்டுக் கடை, ஞாயிறு முழுக்கப் பாட்டுக் கேட்கும் ஜெப மண்டபம் எல்லாம் அவர்கள் உண்டாக்கியவை. இப்போது எல்லாம் பூட்டு. 'நகரப் புதுப்பிப்பு' என்று பெரிய பலகை. அதிலே மரம், மிதிவண்டி, சிரிக்கும் குடும்பங்கள். ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் கட்டடத்தில் பதினான்கு வீடு. ஆள் இருப்பது இரண்டில்: அக்காவும், கானாவிலிருந்து வந்த எதிர்வீட்டு எஸ்தரும்.

கடிதத்தை வாசித்தேன். அக்கா முன்பே கையெழுத்து வைத்து அனுப்பிய ஒரு தாளின் பிரதியும் அதோடு இருந்தது. மாத முடிவில் வீட்டைக் காலிசெய்து, பூட்டுத் திறப்பை ஒப்படைக்க வேண்டுமாம்.

"திருத்திப்போட்டுத் திரும்பத் தருவினம்தானே, தம்பி?"

"இல்லை அக்கா. நீங்களே விட்டுப்போறன் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

"நீதானே போனிலை சொன்னனீ, உப்பிடிக் கடிதம் வந்தால் உடனே வைச்சு அனுப்பச் சொல்லி."

ஓம், சொன்னேன். என்ன கடிதம் என்று கேட்கக்கூட இல்லை. பிந்தினால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், எந்தத் தாளிலும் அன்றைக்கே கையெழுத்துப் போட முகாமில் பழகியவர்கள் நாங்கள். விசா கிடைத்து எத்தனை வருடம். அந்தப் புத்தி போகவில்லை. வெட்கமாக இருந்தது.

பிற்பகல் 3.00. எஸ்தர் தன் தாளோடு வந்தார். கீழே முடி பின்னும் கடை வைத்திருந்தவர். முப்பத்தொரு வருடம் இந்த வீட்டில். அக்கா கையெழுத்து வைத்த அதே தாள்தான்; இதில் இன்னும் கையெழுத்து இல்லை. இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கையெழுத்து வைக்க வேண்டாம் என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "நீயும் வைக்கவில்லைத்தானே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்தர் கோபப்படவில்லை. "நீ இருக்கிறாய் என்றுதான் நானும் இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் வைக்காவிட்டால், இந்தக் கட்டடத்தில் யாரோடு இருப்பது?"

ஹம்மில் எனக்கு வீடு இருக்கிறது. 4.40க்கு ரயிலும் இருந்தது. போய் ஏறினேன்.